பாலத்தின் தரப்பு

டோப்ரி ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டு நிற்பது அபூர்வம். நெப்ராஸ்கா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே, செக் நாட்டிலிருந்து பாட்டன் பூட்டன் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் ஊர் அது. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள் மறுபக்கம். கொலாச்சி ரொட்டியின் நடுவே கசகசா வைப்பதா, பிளம் பழக்கூழ் வைப்பதா என்ற சண்டையில் ஒரு கல்யாணமே நின்றுபோயிருக்கிறது. ஆனால் எல்ம் ஓடைமேல் இருந்த மரப்பாலத்தைப் பற்றி மட்டும் ஊரில் ஒரே பேச்சுதான். அது விழப்போகிறது.

இதைத்தான் லாடி சீபெக் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருஷ வசந்தத்தில் ஒரு நாள் காலை டோப்ரி வானொலியில் சொன்னான். அவன் நடத்திய நிகழ்ச்சிக்கு 'அக்கம்பக்கம்' என்று பெயர். கன்றுக்குட்டி விற்க, காணாமல் போன நாயைத் தேட, செத்தவர் யார் என்று விசாரிக்க, அப்படியே போகிற போக்கில் ஊர்மேல் குறை சொல்ல என்று ஜனங்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். நடுநடுவே லாடி செக்காரர்களின் போல்கா நடன இசைத்தட்டுப் போடுவான்.

அவன் பாலத்தைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி டெல்லாதான் பள்ளிக்கூடப் பஸ்ஸின் ஓட்டுநர். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவாள். பாலம் வந்ததும் பஸ்ஸை நிறுத்துவாள். பிள்ளைகளை இறக்கி வரிசையாக நடக்கவிடுவாள். எல்லோரும் கரையேறிய பிறகு காலிப் பஸ்ஸைத் தான் மட்டும் ஓட்டிக் கடப்பாள்.

"விழுந்தா நான் மட்டும்தானே?" என்பாள், காப்பியில் சர்க்கரை கலக்கிக்கொண்டே. அவளுக்கு அது சாதாரணம். லாடிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது.

"பலகை எல்லாம் இத்துப்போச்சு. மாவட்ட மேற்பார்வையாளருங்க ஒரு தடவை வந்து பாத்தா நல்லது. என் பொண்டாட்டி தினமும் ரெண்டு தடவை அது மேல போறா," என்று அவன் வானொலியில் சொன்னான். பிறகு யாரோ பன்றி விற்கக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒலிபரப்புச் சமநிலை ஆணையத்திலிருந்து வாட்லி என்ற ஆய்வாளர் வந்து இறங்கினார். சாம்பல் நிறத் தொப்பி, சாம்பல் நிறக் கோட்டு. கழுத்தில் சங்கிலி போட்டு ஒரு நிறுத்துக் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்தார். உபசரிப்புக்காகத் தட்டில் வைத்த கொலாச்சிகளில் கசகசா வைத்ததில் பாதியும் பிளம் வைத்ததில் பாதியும் தின்றுவிட்டு மீதியைத் தள்ளி வைத்தார்.

"யாராச்சும் புகார் குடுத்தாங்களா சார்?" என்று லாடி கேட்டான்.

"யாரும் குடுக்கல. அதுதான் புகாரே," என்றார் வாட்லி. "ஒருத்தர் வானொலியில ஒரு பக்கமாப் பேசுறார். அதுக்கு ஒரு மறுப்புகூட வரல. அப்படின்னா இந்த ஊர்ல மறுதரப்போட வாயை எவ்வளவு இறுக்கமா அடைச்சிருக்கணும்! நாங்க வாஷிங்டன்ல ரொம்பக் கவலைப்பட்டோம்."

"மறுதரப்புன்னா?"

"பாலம் நல்லா இருக்குன்னு நினைக்கிறவங்க."

"அப்படி யாரும் இல்லையே சார்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"பாருங்க, எல்லாரும்னு சொல்றீங்க. அதுல மறுதரப்பும் அடக்கம். அவங்களுக்கும் சேத்து நீங்களே பேசிட்டீங்க. இதைத்தான் சட்டம் தடுக்குது." வாட்லி கனிவாகச் சிரித்தார். "பயப்படாதீங்க. ஆணையம் யாரையும் இதைப் பேசு, அதைப் பேசுன்னு சொல்லாது. அது சுதந்திரம். யாருமே சொல்லாததையும் யாரையாவது சொல்ல வைங்கன்னு மட்டும்தான் சொல்லுது."

நிலையத்தின் சொந்தக்காரி ஆக்னெஸ் டூசெக் சிகரெட் புகைக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன புருஷன் அவளுக்கு விட்டுப்போனது இந்த வானொலி நிலையமும் ஒரு கிழட்டுப் பொலிகாளையும். காளைக்கு உரிமம் தேவையில்லை. நிலையத்துக்கு ஜூன் மாதம் உரிமம் புதுப்பித்தாக வேண்டும்.

"டேய் லாடி, அந்த ஆளு ஒரு எதிர்க்கருத்து கேட்டா ஒண்ணு பிடிச்சுக் குடுத்துட்டுப் போயேன். சட்டம் கழுதை கேட்டா கழுதையைக் கட்டு. ஜூன் முடியட்டும், அவுத்து விட்டுடலாம்," என்றாள்.

லாடி தேட ஆரம்பித்தான். டோப்ரியில் எதிர்க்கருத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரே இருப்பவரிடம் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்த்தான் மறுப்பார்கள். மூஞ்சிக்கு நேரே 'இல்லை' என்பது அங்கே செருப்பைக் கழற்றிக் காட்டுவதற்குச் சமம். அதை வானொலியில், மொத்த ஊர் மூஞ்சிக்கும் நேரே செய்ய யார் வருவார்கள்? உணவுக்கடையில் லாடி கேட்டதும் ஆளாளுக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"பாலம் நல்லா இருக்குன்னு நான் சொன்னா, அப்ப அது மேல போய்க் காட்டுன்னு கேப்பானுங்க. எனக்கு நாலு பசு இருக்குப்பா," என்றான் ஒருவன்.

கடைசியில் லாடி போய் நின்றது ஹைனெக் பார்ட்டோஸ் வீட்டு வாசலில். தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற கட்டை பிரம்மச்சாரி. கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பவர். ஊர் முழுக்க அவரை மாமா என்றே கூப்பிடும். அவருக்கு வராத ஒரே வார்த்தை 'மாட்டேன்'. அதனாலேயே அவர் வீட்டில் மூன்று நாய்க்குட்டிகள், இரண்டு ஆயுள் காப்பீடு, விரிப்பே இல்லாத தரைக்கு ஒரு விரிப்புத் துடைக்கும் இயந்திரம் எல்லாம் இருந்தன. மாதா கோயில் சங்கத்திலும் அவர் உறுப்பினர், மாதா கோயிலைத் திட்டும் சங்கத்திலும் உறுப்பினர்.

"மாமா, ரேடியோவுல வந்து பாலம் நல்லா இருக்குன்னு சொல்லணும்."

ஹைனெக் தாடையைச் சொறிந்தார். "அது நல்லா இல்லையே லாடி."

"தெரியும். சும்மா ஒரு தடவை."

"சரி," என்றார் ஹைனெக். அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதானே.

மறுநாள் அவர் தேவாலயத்துக்குப் போடும் கோட்டோடு வந்து ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் வணக்கம். நான் ஹைனெக். அந்தப் பாலம்... வந்து... இருக்கு. இதுவரைக்கும் விழுந்ததா எனக்கு ஞாபகமில்ல. நன்றி," என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

வாட்லி கடிகாரத்தை அமுக்கினார். முகத்தில் திருப்தி இல்லை.

"நேரம் பத்தல. அதைவிட முக்கியம், சூடு பத்தல. பொண்டாட்டியைப் பத்திச் சொன்னப்ப உங்க குரல் தழுதழுத்துச்சு, மிஸ்டர் சீபெக். அதே அளவு தழுதழுப்பு பாலத்தோட தரப்புக்கும் கிடைக்கணும். இல்லேன்னா பாலத்துக்கு அநியாயம்."

"அவருக்கு அப்படிப் பேச வராது சார்."

"நீங்க எழுதிக் குடுங்க. உங்களுக்கு நல்லா வருதே."

அன்று இரவு டெல்லா தூங்கிய பிறகு லாடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தனக்கு எதிராகத் தானே எழுதினான். வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் அவன் கைக்குத் தொழில் தெரியும், அது அவன் பேச்சைக் கேட்கவில்லை. 'இந்தப் பாலத்தின் ஒவ்வொரு பலகையும் நம் தாத்தன்மார் தோளில் சுமந்து வந்தது. வெள்ளம் பார்த்தது, பஞ்சம் பார்த்தது, போருக்குப் போன பிள்ளைகளை அனுப்பிவைத்தது. கிழடு என்பதற்காக ஒருவரைத் தூக்கி எறியும் ஊரா டோப்ரி?' மறுநாள் ஹைனெக் அதை வானொலியில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது, கடைசி வரியில் அவருக்கே குரல் உடைந்தது. ஆக்னெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

தொலைபேசி மணி அடித்தது. "லாடி, நான் யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பாலத்தை நாம ரொம்பத்தான் கரிச்சுக் கொட்டுறோம்," என்றது ஒரு குரல். அதன் பின் இன்னொன்று. ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள், பாலத்தைக் கடக்க வேண்டிய வேலையே இல்லாதவர்கள், பாலத்தின்மேல் திடீரென்று பாசம் வைத்தார்கள்.

"அற்புதம்! மறைஞ்சு கிடந்த மறுதரப்பு வெளியில வருது பாத்தீங்களா? இல்லேன்னு சொன்னீங்களே!" என்றார் வாட்லி.

டெல்லா அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "பஸ்ல ரேடியோ கேட்டேன். மாமா பேசுனது நல்லா இருந்துச்சு. நீ எழுதுனியா?"

பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன வானொலிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் அவள் பஸ் ஓட்டுவாள். புருஷன் செய்யும் பிழைகளை மத்தியானம் திருத்துவதற்காகத்தான் கேட்பதாகச் சொல்வாள்.

"ஆமா," என்றான் லாடி.

"பாலம் மேல போகும்போதுதான் அதைக் கேட்டேன். அழுகையா வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவள் உருளைக்கிழங்கு தோல் சீவப் போனாள்.

வாட்லி பாலத்தோடு நிறுத்திக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் உணவுக்கடைக்கார அம்மாள் தன் மாடியில் ஒரு நல்ல அறை கொடுத்திருந்தாள், சாப்பாடு அரசாங்கச் செலவு. அவர் தங்கிவிட்டார். தினமும் காலையில் நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்தார்.

மழை பெய்தது. "நல்ல மழை," என்றான் லாடி. சோளக்காரனுக்கு அது நல்ல மழை, புல் அறுத்துக் காயப்போட்டவனுக்கு? ஹைனெக் வந்து, மழை கெட்டது என்று அதே அளவு நேரம் பேசினார். பன்றி விலை ஏறியது என்றால், ஏறியது துக்கம் என்று வாங்குகிறவன் பக்கமும் பேசவேண்டியிருந்தது. போல்கா வாசித்தால், போல்கா பிடிக்காதவர்களுக்காக அதே அளவு நேரம் போல்கா இல்லாமல் இருக்கவேண்டும் என்றார் வாட்லி. ஆகவே ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் பிறகு டோப்ரி வானொலியில் ஒன்றும் கேட்காது. முதல் நாள் ஊரே தன் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தது. பிறகு பழகிவிட்டார்கள். கோழிக்குத் தீனி போட அந்த இடைவெளி சௌகரியமாக இருந்தது.

இரும்புக்கடை வைத்திருந்த ஸ்டான்லி செத்துப்போனார். "ரொம்ப நல்ல மனுஷன்," என்று லாடி வாய் தவறிச் சொல்லிவிட்டான். சொன்ன உடனே கண்ணாடியைப் பார்த்தான். வாட்லி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

ஹைனெக் முதல்முறையாகத் தயங்கினார். "செத்தவரைப் பத்தி எப்படி லாடி..."

அதற்குள் தொலைபேசி அடித்தது. பேசியது ஸ்டான்லியின் விதவை. "எதிர்த்தரப்புக்கு ஆள் வேணுமாமே? ஹைனெக்கை விடு, அது பாவம். என்கிட்ட நாப்பது வருஷத்துச் சரக்கு இருக்கு," என்றாள். அவளுக்கு ஒதுக்கியதோ சொற்ப நேரம். அவள் அதற்கு மேலும் பேசினாள். மறுநாள் சமன் செய்வதற்காக ஸ்டான்லியை இன்னும் கொஞ்சம் புகழவேண்டியதாயிற்று. கோபத்தில் அவள் திரும்பவும் கூப்பிட்டாள். சவ அடக்கம் முடிந்து ஒரு வாரம் வரை ஸ்டான்லிக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

கடைசியில் 'காலை வணக்கம்' என்பதற்கே வந்தது. லாடி சொன்னதும் பக்கத்து நாற்காலியிலிருந்து ஹைனெக், "அப்படி ஒண்ணும் பெரிய காலை இல்ல," என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சிரித்தார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் லாடி பொறுத்துக்கொண்டான். பாலம் சரியாகிவிட்டால் போதும் என்பதுதான் அவன் எண்ணம். மேற்பார்வையாளர் கூட்டத்துக்கு அவனே நேரில் போனான். தலைவர் ஆம்ப்ரோஸ் ஹோல்ட் அவன் பேசியதை முழுக்கக் கேட்டார். பிறகு பேச எழுந்தார்.

"மிஸ்டர் சீபெக், நான் தினமும் உங்க நிகழ்ச்சி கேக்குறவன். அதனாலதான் எனக்குத் தெரியும், பாலத்தைப் பத்தி மக்கள் கருத்து சரிபாதியாப் பிரிஞ்சிருக்கு. பாதிப் பேர் விழும்கிறாங்க, பாதிப் பேர் விழாதுங்கிறாங்க. நான் பலகை போட்டா, விழாதுங்கிறவங்க மனசு புண்படும். சும்மா இருந்தா மத்தவங்க மனசு புண்படும். சும்மா இருக்கிறதுக்குச் செலவு கம்மி. இப்படி ரெண்டு பக்கமும் கேட்டுத் தெளிஞ்ச மனசோட ஒண்ணும் செய்யாம இருக்க முடியுதுன்னா, அதுக்கு உங்க வானொலிக்குத்தான் நன்றி சொல்லணும். முன்னெல்லாம் காரணமே இல்லாம ஒண்ணும் செய்யாம இருப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். லாடியும் ஒரு முறை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் ஓடைக்கரையில் ஹைனெக்கின் பழைய சரக்கு வண்டியைப் பார்த்தான். ஊர்ந்து ஊர்ந்து பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. பலகைகள் முனகின. அந்தக் கரை போய்ச் சேர்ந்ததும் வண்டி திரும்பியது. மறுபடி ஊர்ந்து வந்தது. லாடி குறுக்கே போய் நின்று நிறுத்தினான்.

"மாமா, என்ன பண்றீங்க? அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. தினமும் போய்ட்டு வரேன்."

"எதுக்கு?"

"பாலம் நல்லா இருக்குன்னு ரேடியோவுல சொல்றேன்ல? சொல்லிட்டு மேல போகாம இருந்தா அது பொய்யில்லையா?" ஹைனெக்கின் கைகள் ஸ்டியரிங் சக்கரத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்தன. "கண்ணை மூடிக்கிட்டுத்தான் போறேன். கொஞ்சம்தான் பயம்."

லாடிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இதுவரை டெல்லாவுக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தான். இப்போது இந்த மனிதருக்காகவும் பயப்படவேண்டும். இவரைப் பாலத்தின்மேல் ஏற்றியது அவன் எழுதிய வரிகள்தான்.

"இனிமே வர வேண்டாம் மாமா. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"வேற யாரு வருவாங்க?" என்றார் ஹைனெக். மறுநாள் காலையும் அவரே தன் நாற்காலிக்கு வந்துவிட்டார்.

மே மாத மழையில் ஓடை பெருகியது. ஒரு நாள் காலை, 'அக்கம்பக்கம்' தொடங்கும் நேரம் ஆகியும் ஹைனெக்கின் நாற்காலி காலியாக இருந்தது. லாடி "காலை வணக்கம்" என்றான். மறுப்பதற்கு ஆள் இல்லை. வாட்லி கண்ணாடியைத் தட்டி நாற்காலியைக் காட்டினார். லாடி அவசரமாக இசைத்தட்டு ஒன்றைப் போட்டான். அப்போது தொலைபேசி அடித்தது. ஓடைக்கரைப் பண்ணைக்காரன் மூச்சு வாங்கினான்.

"லாடி, பாலம் போச்சு! ஹைனெக் மாமா வண்டியோட உள்ள! மனுஷன் வண்டிக் கூரை மேல உக்காந்திருக்கார், நாங்க கயிறு போட்டுட்டு இருக்கோம். உன் பொண்டாட்டி இன்னும் வரலயே?"

லாடி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். டெல்லா அந்தக் கரையில் கடைசிப் பண்ணையைத் தாண்டியிருப்பாள். பாலத்துக்கு முன்னால் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும். மழைநாளில் அந்த இறக்கத்தில் பஸ் சொன்னபடி நிற்காது. பிள்ளைகளை அவள் இறக்கிவிடுவது பாலத்துக்கு வந்த பிறகுதான், அந்த இறக்கத்தில் அவர்களும் உள்ளேதான் இருப்பார்கள்.

அவன் கை ஒலிவாங்கியின் விசைக்குப் போனது. வாட்லி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"மிஸ்டர் சீபெக், பாலத்தைப் பத்தியா?"

"விழுந்துருச்சு சார்!"

"அது உங்க தரப்பு. மறுதரப்புப் பேச்சாளர் எங்கே?"

"ஓடைக்குள்ள இருக்கார்!"

வாட்லி ஒரு கணம் யோசித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. சட்டத்தில் இடமிருக்கிறதா என்றுதான் யோசித்தார். "அவர் கிடைக்கிற வரைக்கும் இந்தச் செய்தியைத் தள்ளி வைக்கலாம். தாமதம் தப்பில்ல. ஒருதலைப்பட்சம்தான் தப்பு. ரெண்டு வாரத்துல உரிமம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

லாடி ஆக்னெஸைப் பார்த்தான். அவளுக்கு இருந்த பிழைப்பே இந்த நிலையம்தான். அவள் சிகரெட்டை அணைத்தாள்.

"என்னடா என் மூஞ்சியைப் பாக்கற? பேசித் தொலைடா!"

லாடி இசைத்தட்டின்மேல் இருந்த ஊசியைக் கையால் தள்ளினான். "டெல்லா! பஸ்ஸை நிறுத்து. மேடு ஏறாத. பாலம் விழுந்துருச்சு. டெல்லா, நான் சொல்றது கேக்குதா? பாலம் இல்ல. நிறுத்து."

அவள் கேட்டாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வானொலியில் பேசுகிறவனுக்கு உள்ள சாபம் அது. அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வாட்லி ஒரு மூலையில் நின்று கடிகாரத்தை ஓடவிட்டிருந்தார். தொலைபேசி மறுபடி அடித்தபோது எடுத்தது ஆக்னெஸ்தான். எடுத்துக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டாளாம். எல்லாப் பிள்ளைங்களும் பத்திரம். ஒரே விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்லுவான்னு கேட்டாளாம்."

லாடி ஒலிவாங்கியை அணைக்காமலேயே அழுதான். ஊர் முழுக்க அதைக் கேட்டது. வாட்லி அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. குதிரைக்குப் போர்த்தும் கம்பளியில் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஹைனெக் இறங்கினார். ஓடையைப் பல மைல் சுற்றிக்கொண்டு யாருடைய வண்டியிலோ டெல்லாவும் வந்திருந்தாள்.

"மாமா, பாலம் விழுந்துருச்சே, அடி ஏதாவது..." என்று லாடி ஓடினான்.

"பாலம் விழல லாடி," என்றார் ஹைனெக், பல் கிட்டிக்க. இத்தனை நாள் பழக்கம் அது. "நான்தான் விழுந்தேன். அது கூட வந்துச்சு."

வாட்லியின் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! அப்படியே வந்து அதைச் சொல்லுங்க. அவர் பேசுனது நீளம், அழுகை வேற. உங்களுக்கும் அதே அளவு பாக்கி இருக்கு. இது மட்டும் நடந்துட்டா உரிமத்துக்கு ஒரு தடையும் இல்ல. நான் எழுதிக் குடுத்துடறேன்."

ஆக்னெஸ் இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். லாடி தரையைப் பார்த்தான். ஹைனெக் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். தலையை ஆட்டினார். கம்பளியோடு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விசை போடப்பட்டது. வாட்லி கடிகாரத்தை அமுக்கினார்.

ஹைனெக் வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெல்லா நின்றுகொண்டிருந்தாள். அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய சிறு பிள்ளைகள் இரண்டு பேர். ஹைனெக் வாயை மூடினார். கம்பளியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டும் சத்தம் ஒலிபரப்பானது.

"பேசுங்க, நேரம் போகுது," என்று வாட்லி கிசுகிசுத்தார்.

"மாட்டேன்," என்றார் ஹைனெக்.

டோப்ரி ஊரில் அந்த நேரம் கோழிக்குத் தீனி போட்டவர்கள் கையைப் பாதியில் நிறுத்தினார்கள் என்று பின்னால் சொன்னார்கள். ஹைனெக்குக்கே அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகம். சரிபார்ப்பது போல இன்னொரு முறை சொன்னார்.

"மாட்டேன்."

"எதுக்கு மாட்டீங்க?" என்றார் வாட்லி.

"எல்லாத்துக்கும்."

வாட்லி கடிகாரத்தை நிறுத்தினார். பேனாவை எடுத்து நெடுநேரம் எழுதினார். எழுதியதை அவரே உரக்கப் படித்தும் காட்டினார். 'மறுதரப்பு மிக வன்மையாக, சொந்த வார்த்தைகளில், எந்தத் தூண்டுதலும் இன்றி முன்வைக்கப்பட்டது. இவ்வளவு முழுமையான எதிர்க்கருத்தை இந்த ஆய்வாளர் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை. சமநிலை திருப்திகரம்.' எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு, அன்று மாலை வண்டியிலேயே வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். உரிமம் தடையில்லாமல் வந்துசேர்ந்தது.

மேற்பார்வையாளர் கூட்டத்தில் ஆம்ப்ரோஸ் ஹோல்ட், பாலம் விழுந்தது என்று ஒரு தரப்பு சொல்வதாகவும், மறுதரப்பின் நிலைப்பாடு 'மாட்டேன்' என்பதோடு நிற்பதால் விளக்கம் கேட்டு எழுதியிருப்பதாகவும், பதில் வந்ததும் பரிசீலிக்கப்படும் என்றும் சொன்னார்.

மறுநாள் 'அக்கம்பக்கம்' முடியும்போது லாடி ஒரு சின்ன அறிவிப்பு சொன்னான். "வர்ற சனிக்கிழமை எல்ம் ஓடையில ஒண்ணும் நடக்கப்போறதில்ல. சுத்தியல் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க. மத்தியானம் கொலாச்சி உண்டு, ரெண்டு வகையும்." ஒன்றும் நடக்கப்போவதில்லை என்பதற்கு மறுதரப்பு கிடையாது.

சனிக்கிழமை மொத்த ஊரும் அங்கே இருந்தது. ஸ்டான்லியின் விதவை கடையிலிருந்து ஆணி கொண்டுவந்தாள், காசு வாங்கவில்லை. அதற்காக யாராவது ஸ்டான்லியைப் புகழ்ந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னாள். கோயில்காரர்கள் ஒரு கரையிலிருந்தும் கோயிலுக்குப் போகாதவர்கள் மறு கரையிலிருந்தும் பலகை அடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் வந்து சேர்ந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. டெல்லா பிள்ளைகளை இருக்கையிலேயே உட்காரவைத்து, பஸ்ஸைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பாலம் புதுமரமாக மின்னியது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். அருமை, பிரமாதம், நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார்கள்.

"எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டான் லாடி.

ஹைனெக் பாலத்தின்மேல் நடந்தார். கண்ணைத் திறந்துகொண்டே நடந்தார். பாதியில் நின்று ஒரு காலால் அழுத்திப் பார்த்தார். ஊரே காத்திருந்தது.

"இந்தப் பலகை சரியில்ல," என்றார். "அடிச்சவனுக்கு அவசரம்."

முகத்துக்கு நேரே அப்படி ஒரு வார்த்தையை அந்த ஊர் கேட்டுப் பழக்கமில்லை. பலகை அடித்தவனோ லாடிதான். காது வரை சிவந்துபோய் அவன் சுத்தியலோடு போய்க் குனிந்து பார்த்தான். ஆணி கீழிருந்த மரத்தைப் பிடிக்கவே இல்லை. விரலால் அசைத்தால் ஆடியது. அவன் நிமிர்ந்து ஹைனெக்கைப் பார்த்தான். ஹைனெக் கையை நீட்டி இன்னொரு ஆணி கொடுத்தார். அதை அடித்து முடிக்கும்வரை டெல்லா பஸ்ஸை நகர்த்தவில்லை.